விசை இறுகிய துப்பாக்கி

மஞ்சு என்னும் மூடுபனி இறங்கினால் ஊரே காணாமல் போய்விடும் ஒரு மலை. அங்கே அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். துப்பாக்கி பழக வேண்டும் என்றால் அவளிடம்தான் போவார்கள். போனவர்களை அவள் பாறைமேல் உட்கார வைத்துவிடுவாள். சுடுவதைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டாள். பாதிப் பேர் சலித்துப்போய் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும் என்று அவளும் சும்மா இருப்பாள்.

எழுந்து போகாதவன் கொளஞ்சி. அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவன், தலை நரைத்தவன். அவன் அவளை ஆத்தா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். குருவுக்கும் சீடனுக்கும் இடையில் இது என்ன முறை என்று கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். மலையில் யாரும் சிரிப்பதில்லை.

ஒருநாள் கொளஞ்சி வந்து நின்றான். முகம் சரியில்லை.

"ஆத்தா, தினை கதிர் வாங்கியாச்சு. மிளா மான் வர ஆரம்பிச்சிருச்சு. குட்டி போட்ட ஆட்ட நரி சுத்துது. போன வருசமும் போச்சு, அதுக்கு முந்துன வருசமும் போச்சு. இந்த வெள்ளாமையும் போனா, மலைய விட்டு எறங்கி எந்தம்பிங்களோட கல்லொடைக்கத்தான் போகணும்."

"பூங்காவனம் என்ன சொல்லுது?"

பூங்காவனம் அவன் மனைவி.

"நான் எறங்க மாட்டேன், நீ வேணா போய்க்கன்னு சொல்லுது."

"சரி. நான் என்ன செய்யணும்?"

"ஒரு துப்பாக்கி வாங்கணும். புதுசுக்கு வக்கில்ல, பழசுதான். நரிக்கும் ஆகணும், மானுக்கும் ஆகணும். எத எடுக்கறது?"

"நாளைக்குச் சந்தை. வாங்க" என்றாள் அங்காயி.

மலையடிவாரச் சந்தையில் காசிம் ராவுத்தருக்கு ஒரு கடை உண்டு. பூட்டு, சாவி, அரிக்கேன் விளக்கு, பழைய துப்பாக்கி எல்லாம் அங்கே கிடைக்கும். கைமாறி வந்த துப்பாக்கி முன்பு யாருடையது என்று வாங்குகிறவன் கேட்க மாட்டான். ராவுத்தரும் சொல்ல மாட்டார். அந்தச் சந்தையின் வழக்கம் அது.

அவர்கள் போனபோது உச்சிவேளை. ஆனாலும் வெயிலைக் காணோம். மஞ்சு கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. சாம்பிராணியும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாசம் கண்ணைச் சொக்க வைத்தது. ராவுத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு சாக்கை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

முதல் துப்பாக்கி பார்க்கவே ராசா மாதிரி இருந்தது. கட்டையில் வெள்ளிப் பூ. இரண்டாவது ஒல்லி, கையில் எடுத்தால் எடையே தெரியாது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கருப்பாக, நீளமாக, துப்பாக்கி மாதிரி இருந்தது.

அங்காயி ஒவ்வொன்றிலும் தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டாள். பிறகு குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். விசையை மெல்ல இழுத்தாள். மூன்றுக்கும் அப்படியே செய்தாள்.

கடைக்குப் பின்புறம் ஒரு கதவு. அதற்கப்பால் வேலி போட்ட காலி முற்றம்.

"அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கண்ண மூடிக்கங்க. துப்பாக்கியத் தூக்கித் தோள்ல வைங்க. அப்புறம் கண்ணத் தொறங்க."

கொளஞ்சி வெள்ளிப் பூத் துப்பாக்கியை எடுத்தான். கண்ணை மூடினான், தூக்கினான், திறந்தான்.

முற்றத்தைக் காணோம். அவனுடைய தினைக்கொல்லை எதிரே கிடந்தது. கதிர்களுக்கு நடுவில் ஒரு மிளா, காளை அளவுக்கு, கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மூக்கிலிருந்து ஆவி போனது. இவன் விரல் விசையைத் தொட்டதுதான் தெரியும். 'டிக்' என்றது.

"என்ன பாத்தீங்க?"

"மிளா ஆத்தா! கண்ணுக்கு நேரா! அடேயப்பா, என்னா கொம்பு!"

ராவுத்தர் பூரித்துப்போனார். "ராசியான துப்பாக்கிங்க அது. கையில எடுத்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. விசைய நெனச்சாலே போதும், விழுந்துரும்."

"அடுத்தத எடுங்க" என்றாள் அங்காயி.

ஒல்லித் துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணைத் திறந்தபோது எங்கே பார்த்தாலும் நரி. மஞ்சுக்குள் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு வரிசையாக ஓடின. ஒன்று நின்று திரும்பி இவனைப் பார்த்துச் சிரித்தது. கொளஞ்சி சின்னப் பையன் மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தான். விரல் அதுபாட்டுக்கு 'டிக், டிக்' என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன பாத்தீங்க?"

"நரிங்க ஆத்தா. ஒண்ணு பாக்கியில்ல."

மூன்றாவதைத் தூக்கினான். திறந்தான். விசையை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லயே."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒரு ஒடஞ்ச வண்டிச் சக்கரம் கெடக்குது. அதுமேல ஒரு கோழி. கொடியில பச்ச லுங்கி ஒண்ணு காயுது, ஓரத்துல தையல் விட்டிருக்கு."

"அது என் லுங்கிதான்" என்றார் ராவுத்தர்.

"இதயே எடுத்துக்கங்க" என்றாள் அங்காயி.

கொளஞ்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன ஆத்தா இது! விசை வரவே மாட்டேங்குது. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்குது. இத நான் இழுத்து முடிக்கறதுக்குள்ள நரி ஊட்டுக்குப் போயி ஒறங்கிரும்."

"ஆமா. விசை கொஞ்சம் எறுக்கந்தான்."

"ராவுத்தரே, இத எளக்கிக் குடுக்கலாமில்ல?"

"எளக்கலாமே" என்று ராவுத்தர் திருப்புளியை எடுத்தார்.

"வேணாம் ராவுத்தரே, அப்படியே இருக்கட்டும்" என்றாள் அங்காயி.

சீடன் என்று ஆனபிறகு அடம்பிடிக்கவா முடியும்? வெள்ளிப் பூவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கருப்புத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினான். வழியெல்லாம் உர்ரென்று வந்தான். அங்காயி கொறித்துக்கொண்டு வந்த கடலையை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

அவன் பயந்த மாதிரியே ஆயிற்று. முதல் நரி இவன் விசையை இழுத்து முடிப்பதற்குள் புதருக்குள் போய்விட்டது. அடுத்தது ஆட்டுக்குட்டியோடு போனது. மிளா வந்து பாதிக் கொல்லையை மிதித்துப் படுக்கப் போட்டுவிட்டு, கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போனது. வெடிச்சத்தம் கேட்டபிறகுதான் அது தலையையே தூக்கியது. ஊரில் அவனுக்குப் 'பொறவு சுடுறவன்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பூங்காவனமும் விடவில்லை. "அந்தம்மாதான் உனக்கு குருவா? இந்தக் கட்டையத்தான் பொறுக்கிக் குடுத்தாங்களா? மிளாவுக்குச் சொந்தக்காரங்க போல இருக்குது."

மானம் போய்விட்டது கொளஞ்சிக்கு. அங்காயியிடம் ஓடினான்.

"மாத்திக் குடுங்க ஆத்தா. அந்த வெள்ளிப் பூவு இன்னமும் கடையிலதான் இருக்குதாம். மிச்சம் இருக்கற தினையாவது கைக்கு வரட்டும். உங்களுக்கென்ன, நீங்க பாறைமேல உக்காந்திருக்கீங்க. நாங்க எறங்கிப் போகப்போறோம்."

கண் கலங்கித்தான் சொன்னான். கோபமும் இருந்தது.

அங்காயி கோபப்படவில்லை. "நாளைக்கு விடியக்காலம் காவல் பரணுக்குப் போவீங்கல்ல?"

"போவாம?"

"போயிட்டு வாங்க. அப்புறமும் வேணும்னு சொன்னீங்கன்னா, நானே கீழ வந்து மாத்தித் தரேன்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மஞ்சு இறங்கிக் கிடந்தது. கொல்லை எது, வானம் எது என்று தெரியவில்லை. பரண்மேல் உட்கார்ந்திருந்த கொளஞ்சிக்குத் தான் விழித்திருக்கிறோமா, தூக்கத்தில் இருக்கிறோமா என்றே சந்தேகம். காட்டுக்கோழி ஒன்று எங்கேயோ கூவியது. பக்கத்திலா தூரத்திலா, அதுவும் தெரியவில்லை.

அப்போது தினைக்குள் ஏதோ அசைந்தது.

மண் நிறத்தில் ஒரு முதுகு. குனிந்து குனிந்து வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. தலைக்குமேல் மஞ்சைக் கிழித்துக்கொண்டு கொம்பு. ஒரு கிளை, இரண்டு கிளை, கவைகவையாகப் பிரிந்து, அன்றைக்கு ராவுத்தர் கடையில் பார்த்ததைவிடப் பெரிய கொம்பு.

வந்துட்டியா, வா ராசா, வா என்று கொளஞ்சி மனசுக்குள் சொன்னான். துப்பாக்கி தோளுக்குப் போனது. குழல் நுனியில் குறி பார்க்கும் மணி அந்த முதுகின்மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை நேராக அது எப்போதும் உட்கார்ந்ததில்லை. இழுத்தான்.

விசை வரவில்லை. இழுத்தான். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தான். 'வா சனியனே' என்று பல்லைக் கடித்தான். விரல் வலித்தது. குறி தப்பக்கூடாது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இழுத்தான். வேறு வழி இல்லை, பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

பார்க்கப் பார்க்கக் கொம்பில் ஒன்று கீழே நழுவியது. முதுகிலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துச் சரிசெய்தது. கையில் கண்ணாடி வளையல்.

கொளஞ்சி துப்பாக்கியை எப்போது கீழே வைத்தான், எப்படிப் பரணிலிருந்து இறங்கினான் என்பது அவனுக்கே தெரியாது. ஏணியை மறந்து குதித்திருக்க வேண்டும், முழங்காலில் ரத்தம் வந்தது.

மிளா மிதித்துச் சாய்த்த தினையை நிமிர்த்திக் கட்ட, பூங்காவனம் ஒரு சுமை கவைக்குச்சி வெட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பழுப்புக் கம்பளி போர்த்தியிருந்தாள். கொல்லைக்குள் யார் வந்தாலும் குரல் கொடுத்துக்கொண்டுதான் வரவேண்டும், மலையில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"ஏன்டி..." என்றான்.

"உஷ்! மெதுவா பேசு" என்றாள் அவள் ரகசியமாக. "நீ குறி வச்சத நான் பாத்துட்டேன். எனக்குப் பின்னால மிளா நின்னுச்சா? மிளா வருமேன்னுதானே மொதல்லருந்து நான் சத்தமே போடாம, அது மெரண்டுறக் கூடாதேன்னு குனிஞ்சு குனிஞ்சு வந்தேன். இன்னைக்கும் உட்டுட்டியா? ஐயோ ஐயோ, உன்னக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!"

கொளஞ்சி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். மிளா தப்பிவிட்டதற்காகத்தான் அழுகிறான் என்று அவள் நினைத்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு. குச்சிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "சரி விடு, மனுசன் என்ன செய்வான், விசை அப்படி இருந்தா" என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அவன் அவளிடம் சொல்லவில்லை.

மஞ்சு விலகியதும் அங்காயியின் பாறைக்குப் போனான். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் துப்பாக்கியை வைத்தான்.

"எனக்கு இதுவும் வேணாம், அதுவும் வேணாம் ஆத்தா. நான் எறங்கிப் போயிடறேன். அவளக் கெஞ்சியாவது கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அங்காயி முறத்தைக் கீழே வைத்தாள். அவன் முழங்காலைப் பார்த்தாள்.

"என்ன பாத்தீங்க?"

"மிளா."

"அப்புறம்?"

"கொம்பு. சத்தியமா கொம்பு ஆத்தா."

"அப்புறம்?"

"கவைக்குச்சி. அப்புறம் கையி. அப்புறம்..." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அங்காயி குடிசைக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு துப்பாக்கியை எடுத்து, தோட்டாவைக் கழற்றி, துணியால் துடைத்து அவன் மடியில் வைத்தாள்.

"மிளா எங்கயும் போயிடாது. நாளைக்கும் வரும். கொல்லைய உட்டா எறங்கத்தான் வேணும், அந்தப் பொண்ணு எறங்காது. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் எடுக்கவில்லை. எடுக்காமலும் இருக்கவில்லை. மடியில் கிடந்த குழலைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கீழே பள்ளத்தில் மிச்சமிருந்த மஞ்சு மெல்ல மேலேறி வந்தது. பாறை நனைந்தது. அங்காயியின் முகம்கூடப் பாதிதான் தெரிந்தது.

"ஆத்தா."

"சொல்லுங்கண்ணே."

"அந்த வெள்ளிப் பூத் துப்பாக்கி என் கையில இருந்திருந்தா?"

அங்காயி மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள்.

"மிளா விழுந்திருக்கும்."

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தான்.

"கிட்டப் போயிப் பாக்கற வரைக்கும் அது மிளாதான், அண்ணே."