வெட்டாத முகம்

ஆவுடையப்பன் அச்சுப் பட்டறைக்குள் நுழைந்தாலே இன்னொரு பலகை வீணாகிவிட்டது என்று செண்பகவல்லிக்குத் தெரிந்துவிடும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நிற்பார். அவருக்கு வயது அறுபது. மரத்தில் படம் வெட்டி அச்செடுக்கச் சொல்லிக்கொடுக்கும் செண்பகவல்லிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வெட்ட நினைத்தது ஒரு பாட்டை. குளம் உடைந்த அன்று மடையில் இறங்கி நின்று ஊரைக் காத்த பூவாயியின் பாட்டு. அதைப் பாடித்தான் அவர் மனைவி கோமதி மகளைத் தூங்கவைப்பாள். மகள் பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதோடு பாட்டும் நின்றது. இந்தப் படத்தைப் பார்த்தாவது கோமதி வாய்திறந்து பாடமாட்டாளா என்று மனுசனுக்குத் தவிப்பு, பாவம்.

பூவாயிக்கு மகளின் முகம் வேண்டும் என்றார். அங்கேதான் வம்பு. பலகையில் விட்டுவைத்த இடம் மை பிடிக்கும், வெட்டிய இடம் வெள்ளையாக விழும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இவரோ கண்ணில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம் என்று திருத்தித் திருத்தி முகத்தையே குழியாக்கிவிடுவார்.

"போட்டோவப் பாத்துத்தான் வெட்டுதேன், டீச்சர். வெட்ட வெட்ட யாரோ மாதிரி ஆயிருதா."

"கொஞ்சம் உக்காருங்க, அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே புதுப் பலகையில் தண்ணீரை வெட்டினார், கரையை வெட்டினார், பூவாயியின் சேலையை வெட்டினார். அடுத்து முகத்துக்கு உளியைக் கொண்டுபோனார்.

செண்பகவல்லி பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மை உருட்டி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தாள்.

தண்ணீருக்கு நடுவில் பூவாயி நின்றாள். முகம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"முகமே இல்லியே. இதக் கொண்டுபோயி அவகிட்ட எப்படிக் காட்ட?"

"காட்டிட்டு வாங்க."

அவருக்குக் கோபம்தான். ஆனாலும் மை காய்ந்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுபடி வந்தபோது பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பாடினாங்களா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பாடல. அந்தக் கறுப்ப விரலால தடவிக்கிட்டே இருந்தா. 'நம்ம பிள்ள மூக்குத்தி போட்ட அன்னைக்கு இருந்தாளே, அப்படியே இருக்கா'ன்னா. பிள்ளையப் பத்தி அவ பேசி எத்தன வருசமாச்சு."

"சரி."

"நான் மூக்குத்திய வெட்டவே இல்லியே, டீச்சர்."

செண்பகவல்லி உருளையில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை" என்றாள்.