கத்தரிவாலன் கேட்ட கேள்வி

மருதங்குளத்தின் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி வாழ்ந்து வந்தது. அதன் பெயர் சிவந்தி. கூடு என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை. சரளைக் கற்களுக்கு நடுவே லேசாக ஒரு பள்ளம் பறித்து, அதில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டைகளும் கற்களின் நிறத்திலேயே இருந்தன. பக்கத்தில் நின்று பார்த்தாலும் சட்டென்று கண்ணில் படாது.

சிவந்தியும் அதன் துணைவன் மஞ்சள்காலனும் மாறி மாறி அடைகாத்தன. அந்தப் பக்கம் ஏதாவது வந்தால் சிவந்தி எழும்பிக் கத்தும். பாம்பு வந்தால் "பாம்பு!" என்று கத்தும். ஆள் வந்தால் "ஆள்!" என்று கத்தும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. காட்டில் யாரும் இதை ஒரு திறமையாக நினைக்கவில்லை.

திறமைசாலி என்று எல்லோரும் கொண்டாடியது கத்தரிவாலன் என்னும் கரிச்சான் குருவியைத்தான். கன்னங்கரேலென்ற உடம்பு. கத்தரிக்கோலைப் போலப் பிளந்த வால். தினமும் பொழுது விடிந்ததும் குளக்கரையில் பட்டுப்போய் நிற்கும் மருத மரத்தின் உச்சிக்கிளையில் வந்து உட்காரும். காட்டுச் செய்திகளைக் கூவும். மான்களும் பன்றிகளும் முயல்களும் தண்ணீர் சொட்டும் வாயோடு அண்ணாந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

"யானைகள் எடுத்த அதிரடி முடிவு! அதிர்ச்சியில் காடு!" என்று ஒருநாள் கூவியது. அன்று முழுக்கக் காடே கதிகலங்கிக் கிடந்தது. கடைசியில் பார்த்தால், யானைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூங்கில் தின்னப் போயிருந்தன.

"நூறாண்டுக் கோட்டை சரிந்தது! அடுத்தது யார்?" என்று இன்னொரு நாள் கூவியது. அது ஒரு கரையான் புற்று.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னான் என்றும் சொல்ல முடியாதே! யானைகள் முடிவு எடுத்தது உண்மை. புற்று சரிந்ததும் உண்மை.

சித்திரை மாதம் வந்தது. வெயிலில் குளத்துத் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு விலங்கும் தண்ணீர் குடிக்க வரும்போது கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குடித்தது. அப்படிப்பட்ட ஒரு காலையில் கத்தரிவாலன் வந்து கிளையில் உட்கார்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"வடக்கே கரை உடைந்தது! வானம் கறுத்தது! மருதங்குளத்தின் நாட்கள் எண்ணப்படுகின்றனவா?"

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"கரை உடைந்தால் வெள்ளம்தான்! நாம் எல்லோரும் மூழ்கப்போகிறோம்!" என்றது காட்டுப்பன்றி.

"அட, விவரம் தெரியாதவனே! கரை உடைந்தால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். குளம் வற்றப்போகிறது!" என்றது தவளை. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

"வானம் கறுத்தது என்றால் புகை. புகை என்றால் தீ. காடு எரிகிறது!" என்றது ஒரு முயல்.

"மூன்றும் சேர்ந்தே வரலாம்," என்றது இன்னொரு முயல். அதுதான் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் பட்டது.

சிவந்தி அடைகாத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. மானுக்குக் கால் இருக்கிறது, ஓடலாம். தவளை வேறு குட்டை தேடிக் குதிக்கலாம். முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? குளத்துக்கு முடிவு வருவது உண்மையென்றால் நான்கையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். உண்மை இல்லையென்றால் போகவே கூடாது. இரண்டில் எது என்று அதற்கு இப்போதே தெரிய வேண்டியிருந்தது.

மஞ்சள்காலனை அடைகாக்க உட்கார வைத்துவிட்டு, சிவந்தி மருத மரத்தடிக்குப் பறந்து போனது.

"எந்தக் கரை உடைந்தது?" என்று கேட்டது.

"வடக்கே உள்ள கரை!" என்றது கத்தரிவாலன்.

"வடக்கே எங்கே?"

"விவரங்கள் விரைவில்!"

"நீ உன் கண்ணால் பார்த்தாயா?"

"கரை உடைந்ததை உன்னால் மறுக்க முடியுமா?"

"முடியாது. எனக்குத்தான் எதுவும் தெரியாதே!"

கத்தரிவாலன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "கேட்டீர்களா! ஆட்காட்டியாலேயே மறுக்க முடியவில்லை!"

"ஐயையோ!" என்றது கூட்டம்.

புள்ளிமான் கூட்டத்தின் தலைவன் கிளைக்கொம்பன் முன்னால் வந்தது. "எது வந்தாலும் சரி, இனி இங்கே இருக்க முடியாது. தெற்குப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவோம்!" என்றது.

சிவந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே! தெற்கே செந்நாய்க் கூட்டம் இருக்கிறதே!"

"உலகமே முடியப்போகிறது. இதில் செந்நாய் ஒரு பெரிய விஷயமா?"

"முடியப்போகிறதா என்றுதானே தெரியவில்லை! நான் வடக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உச்சிவெயிலுக்குள் திரும்பிவிடுவேன். அதுவரை பொறுங்கள், அண்ணே!"

கிளைக்கொம்பன் தெற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டத்தின் ஓரத்தில் பூஞ்சி என்ற பெண்மான் நின்றுகொண்டிருந்தது. அதன் குட்டி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டு நின்றது.

"சிவந்தியக்கா, நீ வரும்வரை நான் இருக்கட்டுமா?" என்று பூஞ்சி கேட்டது.

"இரு, பூஞ்சி. இந்தக் குட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது."

பூஞ்சி தலையை ஆட்டியது. சிவந்தி வடக்கே பறந்தது.

வடக்கு மேட்டைத் தாண்டியது. ஓடை ஒன்றைத் தாண்டியது. தீ இல்லை. வெள்ளமும் இல்லை. எங்கே உடைந்த கரை என்று தாழப் பறந்து தேடியது. ஒரு புங்க மரத்தடியில் சேற்றுக்குழி ஒன்று கண்ணில் பட்டது. காட்டுப்பன்றிகள் வெயிலுக்கு வந்து புரளும் குழி. அதன் மண் விளிம்பில் ஒரு முழம் அளவுக்கு உடைந்து, கொஞ்சம் சேற்றுத்தண்ணீர் புல்லில் வழிந்திருந்தது. நடுவில் கிழட்டுத் தாய்ப்பன்றி ஒன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"இந்தக் கரையை உடைத்தது யாரம்மா?" என்று சிவந்தி கேட்டது.

"நான்தான்! முதுகு அரித்தது, தேய்த்தேன். அதற்கு என்ன இப்போது?"

"வானம் கறுத்ததாமே?"

"நேற்றுச் சாயங்காலம் சூறைக்குருவிகள் கூட்டமாகப் போயின. கொஞ்ச நேரம் வானமே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது."

"இதையெல்லாம் வேறு யாராவது பார்த்தார்களா?"

"ஒரு கரிச்சான் அந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருந்தான். கரை உடைந்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பறந்துவிட்டான்," என்று சொல்லிவிட்டுப் பன்றி மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

சிவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கோபப்படவும் அதற்கு நேரமில்லை. வந்த வழியே முழு வேகத்தில் திரும்பியது.

வடக்கு மேட்டைத் தாண்டும்போதே அதற்கு மஞ்சள்காலனின் கத்தல் கேட்டது. தெற்குப் பக்கம் செம்புழுதி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. சரளைக் கற்களின் மேல் எங்கு பார்த்தாலும் குளம்படி. நான்கு முட்டைகளில் இரண்டு நசுங்கிக் கிடந்தன.

"கத்தினேன். சிறகை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். யாரும் கீழே பார்க்கவே இல்லை!" என்றது மஞ்சள்காலன். அதன் ஒரு சிறகு தொங்கிப்போயிருந்தது.

"பூஞ்சி?"

"அவள் இருக்கலாம் என்றுதான் நின்றாள். 'தங்குபவர்களின் கதி என்ன?' என்று கத்தரிவாலன் ஒரு கூவல் கூவினான். குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு அவளும் ஓடிவிட்டாள்."

சிவந்தி பள்ளத்தில் இறங்கியது. மிச்சமிருந்த இரண்டு முட்டைகளையும் அலகால் நகர்த்தி ஒன்றாகச் சேர்த்தது. அவற்றின் மேல் உட்கார்ந்தது. வயிற்றுக்கடியில் இரண்டு முட்டைகளுக்கான இடம் காலியாக இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் குளக்கரை தெரிந்தது. போகாமல் தங்கிய விலங்குகளும் நிம்மதியாக நிற்கவில்லை. போவதா இருப்பதா என்று இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்துகொண்டே இருந்தன. அவை காலை எடுத்து வைக்கும் இடத்திலெல்லாம் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் தெறித்துக் கிளம்பின. கத்தரிவாலன் கிளையிலிருந்து பாய்ந்து ஒன்றைக் கவ்வியது. மேலே போய் விழுங்கியது.

"இன்னும் சற்று நேரத்தில் நடக்கப்போவது என்ன?" என்று கூவியது.

பன்றி பதறிக் குதித்தது. ஐந்தாறு வெட்டுக்கிளிகள் எழும்பின. கத்தரிவாலன் மறுபடி பாய்ந்தது.

சிவந்தி இதை நான்கைந்து தடவை பார்த்தது. பிறகு மஞ்சள்காலனை அடைகாக்க உட்காரச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் நடுவே போய் நின்றது.

"நான் வடக்கே போய்ப் பார்த்தேன். புங்க மரத்தடியில் பன்றிகள் புரளும் சேற்றுக்குழி இருக்கிறது. அதன் விளிம்பு ஒரு முழம் உடைந்திருக்கிறது. நேற்று வானத்தை மறைத்தது சூறைக்குருவிக் கூட்டம். தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்," என்றது.

"இவ்வளவுதானா!" என்றது பன்றி. அதன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"இதற்காகவா நான் காலையிலிருந்து அழுதேன்?" என்றது தவளை.

கத்தரிவாலன் சும்மா இருக்கவில்லை. வாலை ஒரு வெட்டு வெட்டியது.

"வடக்கே போய் வந்த ஆட்காட்டி மறைப்பது என்ன? போகும்போது முட்டை நான்கு! வந்தபோது இரண்டு! நடந்தது என்ன?"

எல்லோரும் சிவந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் கத்தரிவாலனைப் பார்த்த அதே பார்வை.  

"நான் சொன்னதை நீங்கள் நம்ப வேண்டாம்," என்றது சிவந்தி. "அவன் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று அவன் சொல்லும்வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒரு காலைக்கூட எடுக்க வேண்டாம்."

பன்றி யோசித்தது. "நிற்பதில் நமக்கு என்ன கெட்டுப்போகிறது? எனக்குக் காலும் வலிக்கிறது," என்றது. நின்றது. முயல்கள் நின்றன. தவளை ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தது.

"மேற்கே எழும் மர்ம ஓசை!" என்று கூவியது கத்தரிவாலன்.

"யார் கேட்டது?" என்றது பன்றி, அசையாமல்.

"நாளை விடியுமா?"

"விடிந்தால் பார்த்துக்கொள்கிறோம்," என்றது முயல்.

புல் அசையவில்லை. ஒரு வெட்டுக்கிளிகூட எழும்பவில்லை. உச்சிவெயில் சாய்ந்தது. கத்தரிவாலன் கிளை மாறி உட்கார்ந்தது. கூவிப் பார்த்தது. கெஞ்சிப் பார்த்தது. வெயில் இறங்கும் நேரத்துக்கு அதன் குரல் கம்மிப்போய்விட்டது.

"சரி! சேற்றுக்குழிதான்! ஒரு முழம்தான் உடைந்தது! பறந்தது சூறைக்குருவிதான்! நானே பார்த்தேன், போதுமா? கொஞ்சம் நகருங்கள், பசிக்கிறது!"

பன்றி ஓரடி நகர்ந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மான்கள் தெற்கிலிருந்து திரும்பி வந்தன. போன மான்களில் பாதிதான் வந்தன. கிளைக்கொம்பன் வரவில்லை. பூஞ்சி வந்தது. தனியாக வந்தது. நேரே தண்ணீருக்குப் போய் நெடுநேரம் குடித்தது. பிறகு சிவந்தியின் அருகில் வந்து, கற்களைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நின்றது.

"அக்கா, குளம் அப்படியே இருக்கிறதே!"

"இருக்கிறது, பூஞ்சி."

"வெள்ளம் வரவில்லையா?"

"வரவில்லை."

"அப்படியானால் நாங்கள் எதற்காகப் போனோம்?"

சிவந்தி மருத மரத்தைப் பார்த்தது. பூஞ்சியும் நிமிர்ந்து பார்த்தது. கத்தரிவாலன் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? நான் போகச் சொன்னேனா? கேள்விதானே கேட்டேன்!" என்றது.

அது உண்மைதான். கத்தரிவாலன் போகச் சொல்லவே இல்லை.  பூஞ்சி மெதுவாகத் திரும்பி, நாணல் புதருக்கு நடந்தது. குட்டி படுத்திருந்து, புல் இன்னும் நிமிராமல் சின்னதாக அழுந்திக் கிடந்த ஓரிடத்தின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

தெளிவில்லாத ஒரு செய்தி காதில் விழுந்தால், பயந்து காலை எடுத்து வைப்பதற்கு முன்னால், அதை யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.