பொட்டு வைக்காத பலகை

ஆயுத பூஜையன்று நயினார் மேஸ்திரி தச்சுப் பட்டறைக் கருவிகளை எல்லாம் சாமி முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்தார். உப்புத்தாள் தேய்க்கும் பேச்சியும் ஒரு பலகையை நீட்டினாள். ஜன்னல் சட்டத்தின் நீளம் பார்க்க, மூலை பார்க்க, கம்பித் துளைக்கு இடம் குறிக்க என்று அவளே வெட்டுப்போட்டுச் செய்தது.

“இந்த விறகுக்கும் பொட்டா?” மேஸ்திரி அதை வெளியே வீசினார்.

பூஜை முடிந்ததும், ஜன்னல் செய்யச் சொல்லியிருந்த வீடு கட்டுகிறவர் லாரியோடு வந்து நின்றார். “பத்து ஜன்னலையும் அளந்து காட்டினாத்தான் ஏத்துவேன்.”

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாதே! மேஸ்திரி விழித்தார்.

“ஏ பேச்சி, அந்தப் பலகைய எடு.”

“விறகை வச்சா அளப்பீங்க, மேஸ்திரி?” என்றபடியே கொடுத்தாள்.

பத்தும் சரியாக இருந்தன. லாரி போனதும் மேஸ்திரி குங்குமத்தோடு வந்தார். பேச்சி பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மேஸ்திரி. இதுக்கும் பொட்டு வச்சிட்டா, அடுத்த லாரி வந்தா என்ன செய்வீங்க?”