தட்டிப் பார்க்காத பானை

காக்கைக்கும் கிளிக்கும் ஒரே பள்ளிக்கூடம் இருந்த காலத்திலே, ஒரு மலையடிவாரத்தில் ஒற்றைத்துணிச் சாமி என்று ஒருவர் இருந்தார்.

அவரிடம் படித்த மாடத்தி ஒருநாள் காலை அழுதுகொண்டே வந்தாள்.

“சாமி, நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

“யாருக்கு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கல்விச்சாலைக்கு. ‘உங்ககிட்டதான் வருவேன்’னு இப்பவே வாக்குக் கொடுத்தா இடம் சுலபமா கிடைக்கும். கிடைச்சா அங்கேதான் போகணும். வேற கல்விச்சாலைப் படியை மிதிக்கக் கூடாது.”

“சோறு போடுவாங்களா?”

“வாக்குக் கொடுத்த பிறகுதான் சொல்லுவாங்களாம். போடலைன்னா நான் எப்படிச் சாமி படிப்பேன்?”

“காத்திருந்தா?”

“நாலு இடத்துல கேட்டுப் பார்க்கலாம். அதுக்குள்ள இடமெல்லாம் தீர்ந்துடும். பண்ணை வீட்டுக் கோமதி போன வாரமே வாக்குக் கொடுத்துட்டா. சிரிச்சுக்கிட்டே.”

சாமி அடுப்பை ஊதினார்.

“தண்ணிக்குப் பானை இல்ல. சந்தையில ஒண்ணு வாங்கி, ஆத்துல மொண்டுக்கிட்டு வா.”

ஒரு பானைக்குத்தான் மாடத்தியின் மடியில் நெல் இருந்தது.

சந்தையில் ஒரு பானையைத் தட்டப் போனாள். பானைக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தட்டாம எடுக்கிறதுன்னா இப்பவே எடு. தட்டணும்னா உச்சிப்பொழுதுக்கு மேல வா. மிஞ்சினதைத் தட்டு.”

“தட்டாம எப்படிக்கா வாங்குறது?”

“என் வீட்டுக்காரரை நான் தட்டிப் பார்த்தா கட்டினேன்?”

சந்தையே சிரித்தது. மாடத்தி சிவப்பாய் ஒன்றை எடுத்தாள்.

சாயங்காலம் குடிசைக்கு வந்தாள். பாவாடையெல்லாம் ஈரம்.

“தண்ணி?”

“வழியெல்லாம்.”

சாமி பானைக்குள் பார்த்தார். அடியில் ஒரு வாய்த் தண்ணீர்.

“கோமதியும் சந்தைக்கு வந்திருந்தாளா?”

“வந்தா. அவ பானையும் ஒழுகல்தான். கரையில போட்டு உடைச்சுட்டு வேற வாங்கிக்கிட்டா.”

“நீ?”

“எனக்கு இது ஒண்ணுதான், சாமி.”

“தட்டி வாங்கக் காத்திருந்தவங்க?”

“வெறுங்கையோட திரும்பினதைப் பார்த்தேன்.”

சாமி பானையை அவள் பக்கம் தள்ளினார். அவள் குடிக்கவில்லை.

“இந்த மலையை நீங்க தட்டிப் பார்த்துட்டா வந்தீங்க?”

“இல்ல.”

“ஒழுகுதா?”

சாமி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஒழுகுது.”

“பின்னே ஏன் போகலை?”

“வேற பானை ஏது, தாயி?”

மாடத்தி விரலை மடக்கிப் பானையைத் தட்டினாள். கணீரென்ற சத்தம் எழவில்லை.

எழுந்தாள்.

“இப்பவே ஆத்தைத் தாண்டிப் போயி, விடிஞ்சதும் ‘சோறு உண்டா’ன்னு முதல்ல கேட்கப் போறேன்.”

“சொல்ல மாட்டாங்க. இடமும் போயிடும்.”

“தெரியும், சாமி.”

இருட்டிக்கொண்டு வந்தது. ஈரப் பாவாடை காலில் ஒட்ட, அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள்.