பட்டியலில் இல்லாத பதினாறாவது கணினி

"பத்து நாளா ஒரு மெஷின் மட்டும் பேக்கப் ஆக மாட்டேங்குது மேடம். அப்கிரேட் பண்ண வந்த பயலுக எல்லாத்தையும் கெடுத்துட்டானுக!"

இருதயராஜ் மேசையில் ஓங்கி அடித்தார். மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் சர்வர் அறை அது. ஒரே சர்வருக்குள் பதினாறு மெய்நிகர் கணினிகள். இருபத்திரண்டு வருடமாக எல்லாம் அவர் பொறுப்பு.

நஸ்ரினுக்கு முப்பத்து மூன்று வயது. ஊரில் எந்த சர்வர் படுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னைக்கு என்ன அவசரம் சார்?"

"நாலு மணிக்கு அந்த மெஷினைப் புது சர்வருக்கு மாத்தறாங்க. நோயாளிங்க ஸ்கேன் பூரா அதுலதான். நடுவுல போச்சுன்னா வேற நகல் கிடையாது."

"தள்ளிவைக்கச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? பேக்கப் ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னு பச்சையா இருக்கே."

நஸ்ரின் நிமிர்ந்தார்.

"பேக்கப் ஓடலை. ரிப்போர்ட் மட்டும் எப்படிப் பச்சை?"

"திங்கக்கிழமை மீட்டிங்ல ஒரு சிவப்பு தெரிஞ்சாலும் டைரக்டர் குதறிடுவார். அந்த மெஷினை மட்டும் பேக்கப் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டேன். சரியானதும் சேர்த்துக்கலாம்னு. எல்லாரும் பண்றதுதான்! நீங்க ரிப்பேர் பார்க்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?"

நஸ்ரின் கீபோர்டை இழுத்தார். அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தார். அழிக்கும் கட்டளை கொடுத்தார்.

'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. அவர் விரல் என்டர் மேல் நின்றது.

இருதயராஜ் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? ஆறாயிரம் பேர் ஸ்கேன் அது!"

'மேடம்' என்ற மரியாதை காணாமல் போயிருந்தது.

"எது?" என்றார் நஸ்ரின். கோபமாகத் திரையைக் காட்டினார். "உங்க ரிப்போர்ட்ல பதினஞ்சுதான் இருக்கு. இல்லாத மெஷினுக்கு எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

நஸ்ரின் கையை உருவப் பார்த்தார்.

"கையை விடுங்க."

இருதயராஜ் விடவில்லை. இன்னொரு கையால் போனை எடுத்தார்.

"டைரக்டர் சார், இருதயராஜ். நாலு மணி வேலையை நிறுத்துங்க... இல்ல சார், அந்த ரிப்போர்ட் பொய். நான்தான் மாத்தினேன்."

மறுமுனையில் கூச்சல் தொடங்கியது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணிக்கட்டில் பிடி தளர்ந்தது.

நஸ்ரின் கேன்சலை அழுத்தினார்.

"இப்ப சொல்லுங்க சார். என்ன எரர் வருது?"