படகு திரும்பிய பக்கம்

“எனக்கு வேற ஆளைக் கொடுங்க, கோச்” என்றார் தணிகாசலம்.

கவிழ்த்து வைத்த படகின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள் நிலோஃபர். கல்லூரிப் படகுக் குழுவுக்கு இப்போது அவள்தான் பயிற்சியாளர். தணிகாசலத்தின் மகளைவிடச் சிறியவள்.

“ஏன் சார்?”

“எபநேசரோட நான் படகுல ஏற மாட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்களுக்கான பந்தயம். இருவர் படகு. ஆளுக்கு ஒரே துடுப்பு, ஆளுக்கு ஒரு பக்கம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் படகு நேராகப் போகும். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும். முதல் இடத்தில் இருப்பவர் வேகம் வைப்பார். அடுத்தவர் அவருடைய முதுகைப் பார்த்தபடி இழுப்பார்.

“காலேஜ்ல நீங்க ரெண்டு பேரும்தானே ஜோடி?” என்றாள்.

“அதனாலதான் சொல்றேன். இறுதிப் போட்டி. ரயில் பாலம் வரைக்கும் நாங்கதான் முன்னாடி. அங்க வந்ததும் அவன் கை தளர்ந்துடுச்சு. படகு அவன் பக்கமா திரும்பிக் கரையோரச் சேத்துல போய் ஏறிடுச்சு.”

“அப்புறம்?”

“அவன் தளர்ந்ததாலதான் தோத்தோம்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நான் கேப்டன், சொல்லாம இருக்க முடியுமா? மறுநாளே கிளப்பை விட்டான். ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தோம். ரூமையும் மாத்திக்கிட்டான். என் கல்யாணத்துக்குக்கூட வரலை.”

நிலோஃபர் குழாயை மூடினாள்.

“நீங்க எந்த இடம்?”

“முதல் இடம். வேகம் வெச்சது நான். கடைசிவரைக்கும் பலத்தைக் கூட்டிக்கிட்டேதான் போனேன், குறைக்கவே இல்லை.”

“நாளைக்குக் காலையில வாங்க. அவர் முதல் இடம். நீங்க பின்னாடி.”

“நான் கேட்டது அது இல்லையே.”

அவள் பஞ்சையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விட்டாள்.

காலையில் எபநேசர் முன்கூட்டியே வந்து மிதவை மேடையில் காத்திருந்தார். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்திருந்தார். தலையில் முடி இல்லை. முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்.

“நல்லா இருக்கியா தணிகா?”

“ம்.”

எதற்கு வந்தான் என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

இருவரும் ஆற்றில் இறங்கினார்கள். நிலோஃபர் மோட்டார் படகில் கூடவே வந்தாள். வழி முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் தணிகாசலத்திடம் மட்டும் கேட்டாள்.

“என்ன பார்த்தீங்க சார்?”

“பார்க்க என்ன இருக்கு? இவன் முதுகு.”

“சரி. நாளைக்கு வாங்க.”

மறுநாள் ரயில் பாலத்துக்கு அருகே படகு கோணியது. எபநேசரின் பக்கமாகத் திரும்பியது.

தணிகாசலம் துடுப்பை நீரில் அழுத்தி நிறுத்தினார்.

“பார்த்தீங்களா கோச்? அன்னிக்கு அவன் துடுப்பு வலது பக்கம். இன்னிக்கு இடது பக்கம். எங்க உட்கார வெச்சாலும் இவன் பக்கம்தான் திரும்புது.”

எபநேசர் தலை குனிந்திருந்தார்.

“பார்க்க வேண்டியது நீங்க சார்” என்றாள் நிலோஃபர்.

“பார்த்துட்டுத்தானே சொல்றேன்.”

“எதை?”

“படகு திரும்பினதை.”

அவள் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள்.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கோபம் யார்மேல் என்று பிடிபடவில்லை. அவர் காலத்துப் பயிற்சியாளர் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கத்துவார். எவன் தப்பு செய்தாலும் பெயர் சொல்லித் திட்டுவார். அதில் குழப்பம் கிடையாது.

துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்த மாணவியிடம் கேட்டார். இந்த வருடத்துக் கேப்டன் அவள்.

“உங்க கோச் எப்பவும் இப்படித்தானா?”

“ஆமா சார். கேட்டா சொல்ல மாட்டாங்க. திரும்பப் படகுல ஏத்தி விட்டுடுவாங்க.”

“உங்களுக்குப் புரியுதா?”

“சில சமயம் புரியும். சில சமயம் கைதான் வலிக்கும்.”

அடுத்த நாள் தணிகாசலம் ஒரு முடிவோடு வந்தார். இன்று எபநேசரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. கை தளரும் நொடியில் முதுகு காட்டிக்கொடுத்துவிடும். அவர் அந்த முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தோள்பட்டைகள் விரிந்தன, கூடின. பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது, அடங்கியது.

பாலம் நெருங்கியது. தணிகாசலம் வழக்கம்போலப் பலத்தைக் கூட்டினார்.

படகு எபநேசரின் பக்கம் திரும்பத் தொடங்கியது.

முதுகில் மாற்றமே இல்லை. அதே விரிவு, அதே கூடல். அதே நரம்பு.

அவர் இன்னும் ஓங்கி இழுத்தார். படகு இன்னும் திரும்பியது.

கொஞ்சம் தணித்தார். நேரானது.

மறுபடி ஓங்கினார். மறுபடி திரும்பியது.

தலைக்கு மேலே ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் அவருக்கு நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. துடுப்பை நீரின் மேல் கிடத்தினார். படகு தானாக ஊர்ந்து, ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்றில் முட்டி நின்றது.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார் எபநேசர், திரும்பாமல்.

தணிகாசலம் நிலோஃபர் பக்கம் பார்த்தார். அவள் மோட்டாரை அணைத்துவிட்டு, கரையில் ஓடும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எபி.”

அந்தப் பெயரைச் சொல்லி முப்பது வருடம் ஆகியிருந்தது.

“என்ன?”

“அன்னிக்கு நீ கை தளர்ந்தியா?”

எபநேசரின் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கழுத்து நரம்பு எழுந்து அப்படியே நின்றது.

“தெரியலை தணிகா. முழுசா இழுத்ததாத்தான் எனக்கு ஞாபகம்.”

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“நான் தளர்ந்துட்டேன்னு நீ சொன்னே. நான் நம்பிட்டேன்.”