மூன்றாம் ஓலை

கதை முடிவில் ஒரு கேள்வி உண்டு; விடை தெரிந்தவர்கள் நடுவில் கத்தக் கூடாது. கத்தாமல் இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒருகல்முனையில் ஒரு ஊரே இருந்து காட்டியிருக்கிறது.

ஒருகல்முனை கடலோரத்து ஊர். அங்கே ஒரு கோயில், கோயிலைவிட உயரமாய் ஒரு வீடு. வீடு ஊர்த்தலைவர் லியோன் கொரைராவுடையது. அவர் தொண்டையைச் செருமினாலே மைக் டெஸ்டிங் போலிருக்கும். சொந்த நாயைக்கூட "அன்பார்ந்த பொதுமக்களே" என்றுதான் கூப்பிடுவார் என்று பேச்சு.

அந்த ஊரில் சங்கு குளிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அப்பன் கூடாது, சொந்தத் தம்பியும் கூடாது. கயிற்றின் அந்த முனையில் தங்கையின் தாலி தொங்குகிறது, மைத்துனன் கண் அயரமாட்டான். சூசைமரியானின் கயிற்றை அவன் மனைவி செலஸ்தியின் அண்ணன் சந்தியாகு பத்தொன்பது வருஷமாகப் பிடித்துவந்தான்.

தவக்காலம் ஐந்தாம் வாரம், திங்கள் காலை. சூசைமரியான் கடலடியில் இருந்தபோது, கொரைராவின் மகன் பக்கத்தில் படகை நிறுத்தி மீனுக்கு வெடித்தோட்டா வீசினான். தண்ணீருக்குள் வெடித்தால் மீன் மட்டுமா சாகும்? சந்தியாகு இழுத்த கயிற்றில் பிணம் வந்தது.

"மூச்சு முட்டிட்டு, பாவம்" என்றார் கொரைரா. அன்று சாயங்காலமே அடக்கம். பெட்டியை மூடுமுன் செலஸ்தி புருஷனின் காதுகளில் பஞ்சு வைத்தாள். பஞ்சு சிவந்தது. மாற்றினாள். அதுவும் சிவந்தது. மூன்றாவது பஞ்சை வைத்துவிட்டு, அது சிவக்குமுன் மூடச் சொன்னாள்.

யாரோ மொட்டைக் கடிதம் போட, மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொரைரா செலஸ்தி வீட்டுப் படியேறினார். வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை.

செலஸ்தியின் மகள் ரோஸ்லினுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தாக வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று.

"மூணாவது ஓலை வாற ஞாயித்துக்கிழமதான பிள்ள?" மைக் இல்லாத குரல். "ஊர்விலக்கு வச்ச வீட்டுக்கு ஓலை வாசிக்க முடியாதுல்லா. வாசிக்கலன்னா மாப்பிள்ள வீட்டுக்காரன் நிப்பானா? சும்மா கேட்டேன். அழாத."

கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு விசாரணை. ஊரே சுற்றி நின்றது. சந்தியாகு நடந்ததை நடந்தபடி சொன்னான்.

"குடிச்சிருந்தான் சார்" என்றார் கொரைரா. "கயித்த விட்டுட்டு இப்பம் எம் பையன் மேல பழிய போடுதான்."

அடுத்து, கோயிலில் ஓலை வாசிக்கும் உபதேசியார் மனுவேல். அன்று காலை கோபுரத்தில் ஒலிபெருக்கி கட்டும்போது, கடல் பனைமர உயரத்துக்கு எழும்பி விழுந்ததைக் கண்ணால் கண்டவர். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது கொரைராவின் கமிட்டி. அவர் வாயில் 'ஆமாம்' என்பதும் வராது, 'இல்லை' என்பதும் வராது. "ஆண்டவருக்குச் சித்தமானால்... அலையாகவும் இருக்கலாம்... அடியேனுக்குக் கண்ணில் புரை வேறு..."

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு செலஸ்தி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, செத்தது உன் புருஷன். கயித்தைப் பிடிச்சது உன் அண்ணன். வெடியில செத்திருந்தா காதுல ரத்தம் வந்திருக்கும். பாத்தியா? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னைக்கே குழியைத் தோண்டச் சொல்றேன். மத்தவங்க பேச்சை வச்சுத் தோண்ட முடியாது."

செலஸ்தி அண்ணனைப் பார்த்தாள். வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"கவனிக்கல ஐயா."

கயிற்றை விட்டவன் என்று இன்ஸ்பெக்டர் சந்தியாகுவைக் கைது செய்தார். ஜீப்பில் தானாகவே ஏறிக்கொண்டான்.

அந்த வாரமே குருத்து ஞாயிறு. மனுவேல் கணீரென்று மூன்றாம் ஓலையை வாசித்தார்: "இவர்களுக்குள் யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." யாரும் எதையும் வெளிப்படுத்தவில்லை. பிறகு ஆண்டவருடைய பாடுகளின் வாசகம். அதில் இயேசுவைக் கொல்லச் சொல்லும் கூட்டத்தின் பங்கைச் சபையே சொல்ல வேண்டும். முற்றத்தில் குரல் அடைத்திருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்கு நல்ல குரல் இருந்தது. "அவனைச் சிலுவையில் அறையும்!" ஓடு அதிர்ந்தது. செலஸ்தியின் உதடுகளும் அசைந்தன.

பொய் சொன்னவர் ஒருவர், மழுப்பியவர் ஒருவர், கவனிக்காதவள் ஒருத்தி. இப்போது சொல்லுங்கள்: சந்தியாகுவைச் சிறைக்கு அனுப்பியது இந்த மூவரில் யார்?

விடை: செலஸ்தி. கொரைராவின் பொய் மகனுக்காகச் சொன்னது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு செருமல் போதும். மனுவேல் துணிந்து சொல்லியிருந்தாலும், புரைக்கண் என்று தள்ளியிருப்பார்கள். குழியைத் தோண்டவைக்க ஒரு வாயால்தான் முடியும். தாலி தொங்கிய கயிற்றை என் அண்ணன் விடமாட்டான் என்று அவள் சொல்லியிருந்தால், அந்தக் கடற்கரையில் மறுக்க ஆளில்லை. ஊரின் அதிகாரம் முழுவதும் அன்று ஒரு வார்த்தை நேரம் அவள் நாக்கில் இருந்தது. கொரைராவுக்கு அது தெரியும். அதனால்தான் அந்த ஒரு படியை மட்டும் ஏறினார். அவள் மேல் கல்லெறிய நினைப்பவர்கள், வியாழக்கிழமை, கைதிகளைப் பார்க்க விடும் மனு நேரத்தில் ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள்.

"மூணாவது ஓலை வாசிச்சாச்சா தங்கச்சி?"

"வாசிச்சாச்சுண்ணே."

"யாரும் தடை ஒண்ணும் சொல்லலயே?"

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே."